கல்லுக்குக் காவல் நின்ற போயா

பதினோரு வருஷம் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தேன். ஊரில் 'போர்ட்டில் வேலை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கீரமங்கலம் பக்கத்தில் பூவும் தேங்காயும் பலாவும் விளைகிற ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும், அதனால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. என் மாமனார் மட்டும், மாப்பிள்ளை கையைக் காட்டினால் கப்பல் நிற்கும் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் நான் பார்த்தது சுரண்டுகிற வேலை.

கடலில் பாறை இருக்கிற இடத்தையும் ஆழம் குறைந்த இடத்தையும் படகுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுக்க, அடியில் கிடக்கிற சிமெண்டுக் கட்டியோடு சங்கிலியில் கட்டி மிதக்கவிட்ட பெரிய அடையாளம் ஒன்று இருக்கும். ஏட்டில் அதற்கு மிதவை என்று பெயர். வேலை செய்கிறவர்களுக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் அது போயா. அதைப் படகில் தூக்கிப் போட்டு, மேலே ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டி, சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, வர்ணம் அடித்து, மறுபடியும் அதே இடத்தில் இறக்க வேண்டும். சிப்பி ஈரமாக இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும், காய்ந்தால் சிமெண்டு. பதினோரு வருஷத்தில் என் வலது தோள் இடது தோளைவிடப் பெரிதாகிவிட்டது. ஊரில் என் தையல்காரர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார், அவரும் வெளியே சொல்லவில்லை.

அந்த வேலையில் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. வழி காட்டுகிற எதுவும் அழுக்காக இருந்தால் கோபம் வந்துவிடும். மைல்கல்லில் போஸ்டர் ஒட்டியிருந்தால் வண்டியை நிறுத்திக் கிழிப்பேன். திருவரங்குளம் போகிற வழியில் ஒரு வளைவில் அம்புக்குறிப் பலகையைக் கருவேல மரம் மூடியிருந்தது. அரிவாளோடு போய் வெட்டிவிட்டு வந்தேன். "ஊருல இத்தன பேரு போறாங்க, வாராங்க. ஒங்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு கோவம் வருதோ" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதும் சரிதான்.

வளைகுடாவில் என் அறையில் மேல் கட்டிலில் படுத்திருந்தவர் மீமிசல் பக்கத்துக் கடற்கரைக்காரர். நாங்கள் ஒருவரை ஒருவர் பங்காளி என்று கூப்பிட்டுக்கொள்வோம், ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. கடலிலேயே பிறந்து வளர்ந்த அவர் அங்கே மீன் குடோனில் ஐஸ் அடுக்கினார். கடலையே பார்த்திராத நான் கடலில் மிதந்துகொண்டிருந்தேன். ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் ஊர் திரும்பினோம். அவர் ஒரு பைபர் படகு வாங்கி, மனைவியின் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மீன்பிடிக்கப் போனார். நான் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டேன். பிறகு வந்த புயல் தோப்பில் பாதியைச் சாய்த்துவிட்டது. மிச்ச மரங்களிலிருந்து விழுகிற மட்டைகளை ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வழியாக அவர் ஊருக்குக் கொண்டுபோய் இறக்குவேன். கணவாய் மீனுக்கு நிழல் பிடிக்கும். தண்ணீருக்குள் மட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் தேடி வந்து அதில் முட்டையிடும், அங்கே தூண்டில் போட்டால் கிடைக்கும். அவர் ஒரு மூட்டை கருவாடு கொடுத்தனுப்புவார். மட்டைகளை நான் கட்டுகட்டாகக் கட்டித்தான் கொண்டுபோவேன். கயிறு வாங்கிக் கட்டுவானேன் என்று, தோட்டத்தில் கிழிந்து கிடக்கிற கறுப்புச் சொட்டுநீர்க் குழாயை வெட்டி அதிலேயே கட்டிவிடுவேன். கடலில் எந்த இடத்தில் தொங்கவிடுகிறீர்கள் என்று ஒரு வருஷமும் நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் ஊர்க் கரை சேற்றுக் கரை. கல்லே இல்லாத அந்தக் கரையில், அலையைத் தடுக்கவென்று ஒரு காலத்தில் பாறைகளைக் கொட்டி, தூண்டில் வளைவு என்று ஒன்று கட்டினார்கள். என் தென்னைகளைச் சாய்த்த அதே புயல் அந்தப் பாறைகளையும் உருட்டிக் கடலுக்குள் சிதறவிட்டது. படகுகள் கரைக்குத் திரும்புகிற முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வடக்கே அவை கிடக்கின்றன. நீர் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை. வற்றும்போது படகின் அடிவயிற்றைக் கிழித்துவிடும். ஊரில் அந்த இடத்துக்குப் பெயரே 'கல்லு'. கல்லுக்குக் கிழக்கே, அதாவது கடல் பக்கமாக, அரசாங்கத்தில் ஒரு போயா வைத்தார்கள். கறுப்பு உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை. அதற்குக் கிழக்குப் பக்கமாகவே போக வேண்டும், மேற்கே போனால் கல் என்று அதற்கு அர்த்தம்.

பெரும்பாலான படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். போயாவைப் பார்த்து வருகிறவர்கள் கருவி இல்லாத சில பேர்தான், அப்புறம் கருவி மக்கர் பண்ணுகிற நாளில் மற்றவர்கள்.

பங்காளியின் கருவி மக்கர் பண்ணியது மார்கழியில் ஒரு நாள். விடிந்தும் விடியாத நேரம். மச்சினன் வலையெல்லாம் வாங்கி, அதாவது இழுத்துப் படகில் ஏற்றி, முடித்த அலுப்பில் முன்பக்கம் வலைக்குவியல் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பங்காளி பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து வந்தார். போயா தெரிந்தது. அதற்குக் கிழக்காக ஒதுங்கினார். கொஞ்ச நேரத்தில் படகு கல்லில் ஏறியது. படகின் அடி பிளந்தது. தூக்கி எறியப்பட்ட மச்சினனுக்கு முழங்கால் உடைந்தது. பின்னால் வந்த படகுக்காரர்கள் நெருங்குவதற்குள் படகு கல்லிலிருந்து கழன்று நீரோட்டத்தில் தள்ளிப் போயிருந்தது, இரண்டு பேரையும் இழுத்துப் போட்டு, படகையும் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

செய்தி கேட்டு நான் போனபோது எட்டு நாள் ஆகியிருந்தது. பங்காளியின் மனைவி வாசலுக்கு வந்து, "வாங்கண்ணே" என்றார். குரலில் உயிரில்லை. உள்ளே பங்காளி நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெழக்கதான் வந்தேன் பங்காளி" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "போயா எனக்கு வலது கைப் பக்கம் இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

ஊர் அதை நம்பவில்லை. விபத்து நடந்த மறுநாள் நாலைந்து பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள். போயா இருக்கிற இடத்தில் இருந்தது. கல் தண்ணீருக்கடியில் இருந்தது, கலங்கல் தண்ணீரில் எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? போயாவுக்குக் கிழக்கே வந்தவன் எப்படிக் கல்லில் ஏறுவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தூங்கியிருப்பான் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

ஊர் சொன்னதைவிட மச்சினன் சொன்னதுதான் அந்த வீட்டை உடைத்தது. அவர் வீடு மூன்றாவது தெரு. பங்காளியின் மனைவி தினமும் தம்பிக்குச் சோறு கொண்டுபோவார். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே பேச்சுத்தான் பேசினாராம். "கால் போனது போகட்டும்க்கா. அசந்து தூங்கிட்டேன்னு மச்சான ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அது மனுசனுக்கு வர்றதுதான். நான் அன்னைக்கே வந்து பேசுறேன். தூங்கவே இல்லன்னு சாதிக்கிறாரு பாரு, அதத்தான் தாங்க முடியல."

"இவரு சொல்ல மாட்டேங்கிறாரு. அவன் வர மாட்டேங்கிறான்" என்றார் அந்த அம்மா என்னிடம். "நான் ரெண்டு தெருவுக்கு நடுவுல சோத்துச் சட்டியோட நிக்கிறேண்ணே."

நான் பங்காளியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்று சொன்னேன். அது பொய். பஸ்ஸில் திரும்பும்போது, ஆவுடையார்கோவில் தாண்டுவதற்குள், மனுஷன் தூங்கித்தான் இருப்பார் என்று எனக்கும் தோன்றிவிட்டது. இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்தவர், விடிகிற நேரம். பதினோரு வருஷம் போயாவோடு குடும்பம் நடத்திய எனக்கே, போயா நகர்ந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அதற்காக நான் என்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

பங்குனியில் மறுபடியும் போனேன். படகைச் சரிபண்ணி வைத்திருந்தார். ஆனால் அவரோடு கடலுக்குப் போக ஆள் வரவில்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒருவேள தூங்கிட்டேனோ பங்காளி?" என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே கொழப்பமா இருக்கு. போயா தெரிஞ்சுச்சு, அது ஞாபகம் இருக்கு. கனவுல தெரிஞ்சுச்சோ என்னமோ."

படகு போனால் ஒட்டிக்கொள்ளலாம். தன் கண்ணையே நம்பாதவன் எஞ்சினைப் பிடிக்க முடியாது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, கோபப்பட மட்டும்தான் வரும். "அந்தப் போயாவ எனக்குக் காட்டுங்க" என்றேன்.

அவர் வரமாட்டேன் என்றார். வேறொரு படகில் ஏறிப் போனேன். பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. உச்சியிலிருந்து பாதி உடம்பு வரைக்கும் கடற்பறவைகளின் எச்சம், பாதிக்குக் கீழே பாசி. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருக்கவேண்டிய உயரத்தைவிட ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. தலையில் இருக்க வேண்டிய விளக்கு இருந்த இடத்தில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கு இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. சிப்பி பாரமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைச் சுத்தம் செய்தே தீருவது என்று முடிவு செய்தது பங்காளிக்காக அல்ல. அழுக்கைப் பார்த்த கோபம், அவ்வளவுதான். நல்லது நடந்ததில் எனக்குப் பெரிய பங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது.

போயாவை வைத்த அலுவலகத்துக்கு மனு எழுதினேன். மூன்று முறை நேரில் போனேன். மூன்றாவது முறை அங்கே இருந்த ஓர் இளம் பெண் என்ஜினியர், "சார், நீங்க உண்மையிலயே இந்த வேல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். என் தோளைக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டாமலே அவர் நம்பினார். புதுச் சங்கிலியும் வர்ணமும் விளக்கும் அலுவலகம் கொடுக்கும், படகும் ஆளும் ஊர் கொடுக்க வேண்டும், தானும் கூட வருவேன் என்றார்.

ஊர்த் தலைவரிடம் போனோம். விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் சும்மா நிற்கும், அனுமதி வாங்கித் தந்தால் தன் படகைத் தருகிறேன் என்றார். அதில் வலை இழுக்கிற வின்ச் இருக்கிறது, போயாவைத் தூக்க அது போதும். வின்ச் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது, "ஒருத்தன் இருக்கான், கால மட்டும் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பான்" என்று அவர் சொன்ன ஆள் பங்காளியின் மச்சினன்.

சித்திரையில் ஒரு காலை, நீர் ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போனோம். விசைப்படகு கல்லுக்குப் பக்கத்தில் வராமல் தள்ளி நின்றது. நான் முதலில் எடுத்தது மூங்கில் கம்பும் தெர்மாகோலும் சிவப்புத் துணியும். போயாவைத் தூக்குமுன் அந்த இடத்தில் ஒரு கொடிக்கம்பை நட்டுவிட வேண்டும், அடையாளம் இல்லாமல் கல் ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது என்பது நான் கற்ற வேலை. "தடக்காலந்தான தம்பி, யாரு வரப் போறா?" என்றார் தலைவர். தடை விசைப்படகுக்குத்தான், பைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் தினமும் வருகின்றனவே என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார், நடு, நடு என்று.

என்ஜினியர் தன் காகிதத்தில் இருந்த எண்களைப் பார்த்து, கையில் இருந்த கருவியைப் பார்த்து, "இங்கதான் சார்" என்றார். அங்கே போயா இல்லை. போயா கரைப் பக்கமாக, எங்கள் ஊர்க் கோயில் தெரு நீளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.

"மிஷின் ஆயிரம் சொல்லும்மா" என்றார் தலைவர்.

நான் கொடிக்கம்பை என்ஜினியர் காட்டிய இடத்திலேயே இறக்கச் சொன்னேன். பிறகு மச்சினனை, கூடவே கட்டி இழுத்து வந்த சிறிய படகுக்கு வரச் சொல்லி, நீளமான இரும்புக் கம்பி ஒன்றைக் கையில் கொடுத்தேன். போயாவை ஒட்டி நின்றுகொண்டு, அதன் கிழக்குப் பக்கத்தில் கம்பியை இறக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் சேறு இருக்க வேண்டும், கம்பி சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கம்பி டங்கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் கிழக்கே போய் இறக்கினார். மறுபடியும் டங். அவர் என்னைப் பார்க்கவில்லை. படகை நகர்த்திக்கொண்டு ஏழெட்டு இடத்தில் அவராகவே குத்திப் பார்த்தார். போயாவுக்குக் கிழக்கே, பாதுகாப்பான வழி என்று போயா காட்டிக்கொண்டிருந்த பக்கத்தில், கல் கிடந்தது. கடைசியில் கம்பியைப் படகுக்குள் போட்டுவிட்டு, "தூக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

நீர் நன்றாக ஏறியதும் விசைப்படகைச் சுற்றிக் கொண்டுவந்து, கயிறு மாட்டி வின்ச்சைச் சுற்றினோம். போயா மேலே வரவர, அது ஏன் அவ்வளவு தாழ்ந்து கிடந்தது என்று தெரிந்தது. அதன் கழுத்திலும் சங்கிலியிலும் கயிறு கயிறாகத் தொங்கியது. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. ஒவ்வொரு படகுக்காரரும் தங்கள் கயிற்றுக்கென்று ஒரு நிறம் வைத்திருப்பார்கள், எது யாருடையது என்று அந்தத் தளத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் தென்னைமட்டைக் கட்டு. பழசின் மேல் புதுசு, அழுகியதன் மேல் பச்சை. கடலில் மட்டை தொங்கவிட ஒரு பிடிமானம் வேண்டும், அசையாத போயா ஒன்று இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ஊரே அதில் கட்டியிருக்கிறது. வாடைக் காற்றும் நீரோட்டமும் அத்தனை மட்டையையும் பிடித்துக் கரைப் பக்கம் தள்ள, அடியில் இருந்த சிமெண்டுக் கட்டி சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சிதறிக் கிடந்த பாறைகளுக்கு இடையே புகுந்து மேற்கே, கரைப் பக்கம் போய்விட்டது. கட்டியைத் தூக்கியபோது அதன் அடியில் ஒரு விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது.

நான் கத்தி எடுத்து மட்டைகளை அறுக்க ஆரம்பித்தேன். வாயில் வசவு தயாராக இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குப் போயா என்றால் மாடு கட்டுகிற முளைக்குச்சியா என்று கேட்க இருந்தேன். அப்போதுதான் கைக்கு ஒரு கட்டு வந்தது. கறுப்புக் குழாயால் கட்டிய கட்டு. சொட்டுநீர்க் குழாய். அதற்கடியில் இன்னொன்று. அதற்கடியில் இன்னும் இரண்டு.

அந்தக் கடற்கரையில் சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர் யாரும் கிடையாது.

உண்மையைச் சொல்கிறேன், அதை அறுத்துக் கடலில் நழுவவிட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. கத்தியும் என் கையில்தான் இருந்தது. மச்சினன் வின்ச் பக்கம் காலைத் தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

"இது என் தோப்பு மட்டை" என்றேன். "வருஷா வருஷம் நான்தான் கொண்டாந்து எறக்குனேன். பதினோரு வருஷம் போயா வேல பாத்தவன். எங்க கட்டுறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

வெயில் ஏறிவிட்டது. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆரஞ்சு நம்ம வீட்டுக் கயிறு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, பச்சை எங்களது, நீலம் என் அண்ணனுடையது என்று சொன்னார்கள். கடைசியாகச் சிவப்புக் கயிறு ஒன்று மிச்சம் இருந்தது. "அது எங்க படகு" என்றார் மச்சினன். "மச்சானும் நானும் சேந்து கட்டுனது."

என்ஜினியர் மட்டும் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மட்டைகளில் கறுப்புக் கறுப்பாக, நாவல்பழக் கொத்து மாதிரி, கணவாய் முட்டை ஒட்டியிருந்தது. காய்ந்தால் செத்துவிடுமே என்றார். உடனே அந்த மட்டைகளை மட்டும் பிரித்து, தனியாக ஒரு மணல் மூட்டையில் கட்டி, கல்லுக்கும் பாதைக்கும் தூரமாகக் கொண்டுபோய் இறக்கினோம். இத்தனை வருஷமும் இப்படியே செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

கரையில் இறங்கியதும் மச்சினன் வீட்டுக்குப் போகவில்லை. ஈர லுங்கியோடு, காலைத் தாங்கித் தாங்கி, மூன்றாவது தெருவைத் தாண்டி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்து நின்றார். சத்தம் கேட்டுப் பங்காளி உள்ளேயிருந்து வந்தார்.

"மச்சான்" என்றார் மச்சினன். மார்கழிக்குப் பிறகு பங்காளியை நேரில் அவர் அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். "கல்லு போயாவுக்குக் கெழக்க கெடக்கு. போயா நகந்துருக்கு. நம்ம எல்லாரும் மட்டையக் கட்டிக் கட்டி நகத்திட்டோம்."

பங்காளிக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேனா?" என்று கேட்டார்.

"முழிச்சுத்தான் இருந்தீங்க மச்சான்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். நாலு மாசமாகத் தேக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. மச்சினன் பக்கத்தில் உட்கார முழங்காலை மடக்க முடியாமல் சிரமப்பட்டார், பங்காளி அழுகிற நிலையிலும் கையை நீட்டி அவர் இடுப்பைத் தாங்கி உட்கார வைத்தார். "கட்டுனதுல நானும்தானடா இருக்கேன்" என்றார். "ஒங் காலுக்கு நானும்தான் காரணம்." அந்த அம்மா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே சோறு போட உள்ளே போனார். எனக்கும் சேர்த்துத்தான் திட்டு. எனக்கு அது தேவைதான்.

மறுநாளிலிருந்து சுரண்டல். போயாவை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தேன், காயக் கூடாது என்று. கரையில் ஒரு வேப்பமரத்து நிழலில் கிடத்தி, நானும் பங்காளியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். முதல் நாள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டாம் நாள் பச்சைக் கயிற்றுக்காரர் உளியோடு வந்தார். மூன்றாம் நாள் வந்தவர்களுக்குச் சுரண்ட இடம் பற்றவில்லை, அவர்களைச் சங்கிலி பக்கம் விரட்டினேன். கொம்பன் மாதிரி நின்று எல்லோரையும் அதிகாரம் பண்ணினேன். என் மாமனார் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, இரண்டு கோட் கறுப்பு, நடுவில் மஞ்சள். மஞ்சள் பட்டையைப் பங்காளிதான் அடித்தார். தூரத்தில் போய் நின்று பார்ப்பார், திரும்ப வந்து ஒரு இழுப்பு இழுப்பார், மறுபடியும் தூரத்தில் போய் நிற்பார்.

காகிதத்தில் இருந்த இடத்திலேயே, கொடிக்கம்புக்குப் பதிலாக, போயாவை இறக்கினோம். பழைய கட்டியைவிடப் பெரிய கட்டி, புதுச் சங்கிலி, தலையில் வெயிலில் சார்ஜ் ஏறுகிற விளக்கு. ஊர்க்கூட்டத்தில், போயாவில் கயிறு கட்டக் கூடாது, மட்டை கட்டுகிறவர்கள் தங்கள் மணல் மூட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. வருஷத்துக்கு ஒருமுறை தடைக்காலத்தில் போயாவைத் தூக்கிச் சுத்தம் செய்வது என்றும் பேசினார்கள். கூட்டத்தில் முடிவானது எல்லாம் நடந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரைக்கும் இரண்டு வருஷம் நடந்திருக்கிறது. இரண்டாவது வருஷம் தூக்கியபோது ஒரே ஒரு கயிறு இருந்தது, அதுவும் அறுந்து வந்து மாட்டிக்கொண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். சரி, நம்புவோம். நான் இப்போதும் ஐப்பசியில் மட்டை கொண்டுபோகிறேன். சொட்டுநீர்க் குழாயில்தான் கட்டுகிறேன். எங்கே இறக்குகிறார்கள் என்று படகில் கூடவே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

போயாவைத் திருப்பி வைத்த அந்த வருஷம் ஆனியில்தான் பங்காளி மறுபடியும் கடலுக்குப் போனார். முதல் நாள் கூட வரச் சொல்லி என்னையும் அழைத்தார். ஆள் குறைச்சல் என்றார், ஆனால் காரணம் அது இல்லை. மச்சினனும் வந்தார். கால் முழுதாகச் சரியாகவில்லை, உட்கார்ந்தபடியே வலை வாங்கினார். இரவெல்லாம் சின்னப் படகில் ஆடியதில் எனக்குக் குமட்டல் வந்து, நான் எதற்கும் உதவவில்லை.

விடிகிற நேரம் திரும்பினோம். லேசான மூடுபனி மாதிரி ஒன்று தண்ணீர் மேல் கிடந்தது. பங்காளி எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருவி வேலை செய்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார், உதடுகள் இறுகியிருந்தன. கல்லு நெருங்க நெருங்க நானும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு கறுப்பு, பிறகு நடுவில் மஞ்சள்.

"தெரியுது" என்றார் பங்காளி, யாரிடமும் இல்லாமல்.

மச்சினன் என்ன சொல்கிறார் என்று பார்க்க நான் முன்பக்கம் திரும்பினேன். அவர் வலைக்குவியல் மேல் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.